உள்ளெறிதல் (காற்பந்தாட்டம்)

உள்ளெறிதல் என்பது காற்பந்தாட்டத்தில் பக்கக்கோட்டைக் கடந்து வெளியே சென்ற பந்தை இரு கைகளாலும் களத்தினுள் எறிந்து ஆட்டத்தை மீண்டும் தொடங்கும் முறையாகும். ஆங்கிலத்தில் இதற்குத் த்ரோ-இன் என்று பெயர். சென்னையிலும் அதன் மேற்குப் புறநகர்களான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி போன்ற இடங்களிலும் ஆட்டக்காரர்கள் இதனைச் சுருக்கமாக "த்ரோ" என்றும், விதிக்கு மாறாக எறியப்படுவதை "ஃபவுல் த்ரோ" என்றும் அழைக்கின்றனர். பன்னாட்டுக் காற்பந்துச் சங்க வாரியம் வெளியிடும் ஆட்ட விதிகளில் 15-ஆம் விதி இதனைப் பற்றியதாகும்.

கோல் காப்பாளர் அல்லாத ஓர் ஆட்டக்காரர், ஆட்டத்தின் பகுதியாகப் பந்தைக் கையால் செலுத்த விதி இடமளிக்கும் ஒரே தருணம் உள்ளெறிதல் ஆகும். காலால் ஆடப்படும் ஆட்டத்தில் கைக்குக் கிடைக்கும் இந்தச் சலுகை எல்லை மீறாதிருக்கவே, எறிபவர் எங்கு நிற்க வேண்டும், எவ்வாறு எறிய வேண்டும் என்பன வரையறுக்கப்பட்டுள்ளன. ஆனால் எவ்வளவு தொலைவு எறியலாம், எறிவதற்கு முன் உடலை எவ்வாறு அசைக்கலாம் என்பவற்றை விதி வரையறுக்கவில்லை. நெடுந்தொலைவு எறிதல், குட்டிக்கரணம் போட்டு எறிதல், எதிரணியினரின் முதுகில் எறிந்து பந்தைத் திரும்பப் பெறுதல் போன்ற வழக்கத்துக்கு மாறான எறிதல்கள் இந்த இடைவெளியிலிருந்து தோன்றியவையே.

பந்து வெளியேறுதல்

தரையில் உருண்டோ வானில் பறந்தோ பந்து முழுவதும் பக்கக்கோட்டைக் கடந்தால் மட்டுமே அது வெளியே சென்றதாகக் கருதப்படும். கோடும் களத்தின் பகுதியே ஆதலால், பந்தின் ஒரு சிறு பகுதி கோட்டின் மேல் இருந்தாலும் ஆட்டம் தொடரும். பந்தைக் கடைசியாகத் தொட்டவரின் எதிரணிக்கு உள்ளெறிதல் வழங்கப்படும். துணை நடுவர் தமது கொடியால் எறியும் அணி தாக்கும் திசையைக் காட்டுவார்.

கோட்டைக் குறித்த தீர்ப்பு எவ்வளவு முக்கியமானது என்பதை இந்தியக் காற்பந்து இரசிகர்கள் 2024-இல் உணர்ந்தனர். 2024 சூன் 11 அன்று தோகாவில் கத்தாருக்கு எதிராக நடைபெற்ற உலகக்கோப்பைத் தகுதிச்சுற்று ஆட்டத்தில் லல்லியன்சுவாலா சாங்தே அடித்த கோலால் இந்தியா 1-0 என முன்னிலை பெற்றிருந்தது. 73-ஆவது நிமிடத்தில் கோல் காப்பாளர் குர்பிரீத் சிங் சந்து தடுத்த பந்து கோல்கோட்டைத் தாண்டி வெளியே உருண்டது. கத்தார் ஆட்டக்காரர் ஒருவர் அதனை உள்ளே இழுத்துவிட, யூசுப் அய்மன் அதனைக் கோலாக்கினார். பந்து வெளியே சென்றதாக இந்திய அணியினர் முறையிட்டும் கோல் செல்லுபடியானது. அச்சுற்றில் காணொளி உதவி நடுவர் முறை இல்லை. இந்தியா 1-2 எனத் தோற்றுத் தகுதிச்சுற்றிலிருந்து வெளியேறியது. இது பக்கக்கோட்டில் நிகழ்ந்ததன்று. எனினும் பந்து வெளியேறுவதைக் குறித்த விதி இரு கோடுகளுக்கும் ஒன்றே.

விதிகள்

பந்தை எறியும் கணத்தில் ஆட்டக்காரர் பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும்:

- களத்தை நோக்கி நின்றிருக்க வேண்டும். மண்டியிட்டோ அமர்ந்தோ எறிதல் கூடாது.
- இரு பாதங்களின் ஒரு பகுதியேனும் பக்கக்கோட்டின் மீதோ கோட்டுக்கு வெளியே தரையிலோ இருக்க வேண்டும்.
- பந்தை இரு கைகளாலும், தலைக்குப் பின்னிருந்து தலைக்கு மேலாக எறிய வேண்டும்.
- பந்து வெளியேறிய இடத்திலிருந்தே எறிய வேண்டும்.

எதிரணியினர் அனைவரும், பந்து எறியப்படும் பக்கக்கோட்டுப் புள்ளியிலிருந்து குறைந்தது 2 மீட்டர் விலகி நிற்க வேண்டும். பந்து களத்தினுள் நுழைந்தவுடன் ஆட்டம் தொடங்கியதாகக் கொள்ளப்படும். நுழைவதற்கு முன்பே பந்து வெளித் தரையில் பட்டுவிட்டால் அதே அணி மீண்டும் எறியலாம். ஆனால் பந்து களத்தின் மேல் நுழைந்து, யாரும் தொடாமல் காற்றில் வளைந்து மீண்டும் பக்கக்கோட்டைக் கடந்தால், ஆட்டம் ஏற்கெனவே தொடங்கிவிட்டதால் எறியும் உரிமை எதிரணிக்குச் செல்லும்.

முறைகேடாக எறிந்தால் எதிரணி அதே இடத்திலிருந்து எறியும். பள்ளி ஆட்டங்களில் அடிக்கடி காணப்படும் தவறுகள் சில:

- எறியும்போது பின்காலைத் தரையிலிருந்து தூக்குதல் அல்லது குதித்தல்
- பந்தைத் தலைக்குப் பின்னே கொண்டு செல்லாமல் முகத்தின் முன்னிருந்து தள்ளுதல்
- ஒரு கையால் எறிந்து மறு கையைப் பந்தின் மேல் பெயருக்கு வைத்திருத்தல்
- ஒரு பாதம் முழுவதையும் களத்தினுள் வைத்தல்
- பந்து வெளியேறிய இடத்தை விட்டு முன்னே நகர்ந்து எறிதல்

பின்காலைத் தரையில் இழுத்துக்கொண்டு வருதல் தவறன்று. பாதத்தின் ஒரு பகுதி தரையில் பட்டிருந்தால் போதும். குதிகால் மட்டும் கோட்டின் மேலிருந்து பாதத்தின் எஞ்சிய பகுதி களத்தினுள் இருப்பதும் செல்லும். பந்து சுழன்று செல்வது முறைகேடு என்று பலர் கருதுகின்றனர்; விதியில் சுழற்சியைப் பற்றி எதுவும் கூறப்படவில்லை. எனினும் பந்து பக்கவாட்டில் மிகுதியாகச் சுழன்றால், ஒரு கை மட்டுமே வேலை செய்ததோ என நடுவர் ஐயுற வாய்ப்புண்டு.

எறிந்தவர், வேறோர் ஆட்டக்காரர் பந்தைத் தொடும்வரை தாம் மீண்டும் அதனைத் தொடக்கூடாது. தொட்டால் எதிரணிக்கு மறைமுகத் தனி உதை வழங்கப்படும். அவர் கையால் தொட்டுக் கைப்பந்துக் குற்றம் புரிந்தால் நேரடித் தனி உதையும், அது அவரது சொந்தத் தண்டப் பரப்பினுள் நிகழ்ந்தால் தண்ட உதையும் வழங்கப்படும். எறிந்தவர் கோல் காப்பாளராக இருந்து தமது தண்டப் பரப்பினுள் கையால் தொட்டிருந்தால் மறைமுகத் தனி உதை மட்டுமே.

வரலாறு

1858-ஆம் ஆண்டின் செஃபீல்டு விதிகளிலேயே பந்தைக் கோட்டின் விளிம்பிலிருந்து நேராக எறியும் முறை காணப்படுகிறது. 1863-இல் இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் வகுத்த முதல் விதிகளின்படி, வெளியே சென்ற பந்தை எந்த அணியினர் முதலில் தொடுகின்றனரோ அவர்களே எறிவர். பந்தைக் கோட்டுக்குச் செங்குத்தாக எறிய வேண்டும். அது தரையைத் தொட்ட பின்னரே ஆட்டம் தொடங்கும். ஆகவே பந்து வெளியே போனவுடன் இரு அணியினரும் அதனை நோக்கி ஓடுவர். ரக்பி ஆட்டத்தில் வரிசையாக நிற்கும் இரு அணிகளுக்கும் இடையே பந்தை நேராக எறியும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. காற்பந்து அதிலிருந்து விலகி, 1877-இல் எத்திசையிலும் எறிய இடமளித்தது.

அக்காலத்தில் ஒரு கையால் எறிவதற்குத் தடையில்லை. நாட்டிங்காம்சையர் துடுப்பாட்டக்காரராகவும் இங்கிலாந்துக் காற்பந்து அணி வீரராகவும் விளங்கிய வில்லியம் கன், ஒரு கையால் பந்தை மிக நெடுந்தொலைவு எறிவதில் பெயர் பெற்றிருந்தார். இத்தகைய எறிதல்கள் ஆட்டத்தின் சமநிலையைக் குலைத்தன. 1882 திசம்பரில் இங்கிலாந்து, இசுக்காட்லாந்து, வேல்சு, அயர்லாந்து ஆகிய நாடுகளின் சங்கங்கள் மான்செசுடரில் கூடிப் பொது விதிகளை வகுத்தபோது, இரு கைகளாலும் தலைக்கு மேலாக எறிய வேண்டும் என்பது விதியாயிற்று. வழக்கத்துக்கு மாறான எறிதல் ஒன்று விதியையே மாற்றியதற்கு இதுவே தொடக்க கால எடுத்துக்காட்டாகும்.

பிற்கால மாற்றங்களுள் முக்கியமானவை:

- 1920: உள்ளெறிதலிலிருந்து நேரடியாகப் பந்தைப் பெறுபவருக்கு ஆஃப்சைடு இல்லை என விதிக்கப்பட்டது.
- 1931: முறைகேடான எறிதலுக்குத் தனி உதைக்குப் பதிலாக எதிரணிக்கு உள்ளெறிதல் வழங்கும் முறை வந்தது.
- 1997: தம் அணியினர் எறிந்த பந்தைக் கோல் காப்பாளர் நேரடியாகக் கையால் பிடிப்பது தடை செய்யப்பட்டது. மீறினால் எதிரணிக்கு மறைமுகத் தனி உதை.
- 2005: எதிரணியினர் 2 மீட்டர் விலகி நிற்க வேண்டும் என்பது சேர்க்கப்பட்டது.

1920-ஆம் ஆண்டின் மாற்றம் தாக்கும் அணிக்குப் பெரும் வாய்ப்பைத் தந்தது. எதிரணியின் கடைசித் தடுப்பாட்டக்காரருக்கும் பின்னே நிற்கும் தோழருக்குப் பந்தை எறியலாம். ஆனால் அத்தோழர் பந்தைத் தொட்டு மற்றொருவருக்கு அனுப்பும் கணத்திலிருந்து ஆஃப்சைடு விதி வழக்கம்போல் செயற்படும்.

நேரடி கோல்

உள்ளெறிதலிலிருந்து நேரடியாகக் கோல் அடிக்க இயலாது. யாரும் தொடாமல் பந்து எதிரணியின் கோலுக்குள் சென்றால் எதிரணிக்குக் கோல் உதையும், எறிந்தவரின் சொந்தக் கோலுக்குள் சென்றால் எதிரணிக்கு மூலை உதையும் வழங்கப்படும். வழியில் எவர் மீதேனும் பந்து பட்டிருந்தால் கோல் செல்லும்.

இவ்விதி நடுவரை எவ்வளவு நுண்ணிய தீர்ப்புக்கு உள்ளாக்குகிறது என்பதற்கு 2002 செப்டம்பர் 16 அன்று நடைபெற்ற பர்மிங்காம் சிட்டி - ஆசுடன் வில்லா ஆட்டம் சான்றாகும். வில்லாவின் ஓலோஃப் மெல்பெர்க், தம் கோல் காப்பாளர் பீட்டர் எங்கெல்மனை நோக்கிப் பந்தை எறிந்தார். 1997-ஆம் ஆண்டு விதியால் எங்கெல்மன் அதனைக் கையால் எடுக்க முடியாது. காலால் நிறுத்த முயன்றபோது பந்து அவரது காலடியைத் தாண்டி உருண்டு கோலுக்குள் சென்றது. பந்து காலணியில் பட்டிருந்தால் அது கோல். படாவிட்டால் பர்மிங்காமுக்கு மூலை உதை மட்டுமே. நடுவர் டேவிட் எல்லரே பட்டதாகத் தீர்மானித்துக் கோல் வழங்கினார். பர்மிங்காம் 3-0 என வென்றது. பந்து பட்டதா இல்லையா என்பது இன்றும் விவாதிக்கப்படுகிறது. வில்லா அணியின் பார்வையில் மற்றொரு பாடமும் இதில் உண்டு: எங்கெல்மன் பந்தைத் தொட முயலாமல் விலகி நின்றிருந்தால் கோலுக்கு இடமே இருந்திருக்காது.

நெடுந்தொலைவு எறிதல்

தரமான நெடுந்தொலைவு எறிதல், மூலை உதைக்கு நிகரான வாய்ப்பை ஏற்படுத்துகிறது. 1970 ஏப்ரல் 29 அன்று மான்செசுடரில் நடைபெற்ற இங்கிலாந்துக் கோப்பை இறுதி மறு ஆட்டத்தில், செல்சியின் இயன் அட்சின்சன் எறிந்த நெடிய பந்தே டேவிட் வெப் தலையால் முட்டிய வெற்றிக் கோலுக்கு வழிவகுத்தது. 2016 யூரோ கோப்பையில் ஐசுலாந்தின் ஆரோன் குன்னார்சன் எறிந்த பந்தைக் காரி ஆர்னசன் தலையால் திருப்பிவிட, இரக்னார் சிகுர்த்சன் இங்கிலாந்துக்கு எதிராகச் சமன் செய்யும் கோலை அடித்தார். அந்த ஆட்டத்தில் ஐசுலாந்து 2-1 என வென்றது. ஆசியாவில் இந்தோனேசியாவின் பிரதாமா அர்கான் நெடுந்தொலைவு எறிதலால் அறியப்பட்டவர்.

இவ்வகையில் மிகுந்த புகழ் பெற்றவர் இசுடோக் சிட்டி அணியின் ரோரி டெலாப் ஆவார். பள்ளிப் பருவத்தில் ஈட்டி எறிதலில் சிறந்து விளங்கிய இவர், பந்தை உயரமாக அன்றித் தட்டையாகவும் வேகமாகவும் எறிந்தார். 2008 நவம்பர் 1 அன்று ஆர்சனலை இசுடோக் 2-1 என வென்றபோது இசுடோக்கின் இரு கோல்களும் டெலாப்பின் எறிதல்களிலிருந்தே தோன்றின. ஈரமான பந்தைத் துடைக்கப் பக்கக்கோட்டின் அருகே துண்டுகள் வைக்கப்பட்டிருந்தன.

டெலாப்பை எதிர்கொண்ட அணிகளும் புதிய வழிகளைத் தேடின. 2008 நவம்பர் 29 அன்று இசுடோக்குடன் ஆடிய அல் சிட்டி அணியின் கோல் காப்பாளர் போவசு மைகில், பந்தைப் பக்கக்கோட்டுக்கு வெளியே உதைத்து உள்ளெறிதல் தருவதைவிட மூலை உதை தருவதே மேல் எனக் கருதிப் பந்தைக் கோல்கோட்டுக்கு வெளியே உதைத்தார். அதே ஆட்டத்தில் அல் அணியின் மாற்று ஆட்டக்காரர் டீன் விண்டாசு, டெலாப் எறியவிருந்த இடத்தின் அருகே உடற்பயிற்சி செய்வதுபோல் நின்று இடையூறு செய்ததால் மஞ்சள் அட்டை பெற்றார். எறிபவரின் கவனத்தை நேர்மையற்ற முறையில் சிதறடிப்பதும் தடுப்பதும் எச்சரிக்கைக்குரிய குற்றங்களாகும். களத்தில் ஆடுபவருக்கு மட்டுமன்றி மாற்று ஆட்டக்காரருக்கும் இது பொருந்தும்.

எறிதலின் இயக்கவியல்

காற்றுத் தடை இல்லாவிட்டால், தரைமட்டத்திலிருந்து எறியப்படும் பொருள் 45 பாகைக் கோணத்தில் மிகுந்த தொலைவு செல்லும் என்பது பள்ளி இயற்பியல் பாடம். உள்ளெறிதலில் இது பொருந்துவதில்லை. நிக்கொலசு லிந்தோர்ன், டேவிட் எவரெட் ஆகியோர் 2006-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மிகுந்த தொலைவுக்கு ஏற்ற கோணம் ஏறத்தாழ 30 பாகை ஆகும். கோணம் கூடக்கூட மனித உடலால் பந்துக்குக் கொடுக்க இயலும் வேகம் குறைவதே இதன் முதன்மைக் காரணம். மேலும் பந்து தலைக்கு மேலான உயரத்திலிருந்து புறப்படுகிறது. காற்றுத் தடையும் உண்டு. ஓட்டம், முதுகின் வளைவு, தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகியவற்றின் அசைவு ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து பந்துக்கு வேகம் தருகின்றன. ஆகவே கை வலிமை மட்டும் உடையவர் நெடுந்தொலைவு எறிவார் எனக் கூற முடியாது.

குட்டிக்கரண எறிதல்

ஓடிவந்து, கையிலுள்ள பந்தைத் தரையில் ஊன்றி, உடலை அதன் மேலாகச் சுழற்றிக் காலூன்றி எழும் வேகத்தில் பந்தை எறிவது குட்டிக்கரண எறிதல் ஆகும். உடலின் சுழற்சி வேகம் பந்துக்கு மாறுவதால் கூடுதல் தொலைவு கிடைக்கிறது. பந்து கையை விட்டு நீங்கும் கணத்தில் இரு பாதங்களும் தரையில் இருந்து, பந்து தலைக்குப் பின்னிருந்து வந்தால் இது முற்றிலும் முறையான எறிதலே. எறிவதற்கு முன் செய்யும் கரணத்தை எந்த விதியும் தடுக்கவில்லை.

1990-களில் நியூகாசில் யுனைடெட் அணியின் இசுடீவ் வாட்சன் இம்முறையைக் கையாண்டார். 2018 சூன் 20 அன்று கசானில் நடைபெற்ற உலகக்கோப்பை ஆட்டத்தில், எசுப்பானியாவிடம் 0-1 எனப் பின்தங்கியிருந்த ஈரானின் மிலாத் முகமதி, ஆட்டத்தின் இறுதிக் கணங்களில் பந்துக்கு முத்தமிட்டுக் கரணம் அடித்தார். ஆனால் எழுந்தபின் எறியாமல் நிறுத்திவிட்டு, பின்வாங்கி வழக்கமான முறையில் எறிந்தார். பந்து கையை விட்டு நீங்காததால் விதிமீறல் ஏதும் நிகழவில்லை. இழந்தவை சில நொடிகளே. எனினும் தோல்வியின் விளிம்பில் நின்ற அணிக்கு அந்நொடிகள் அருமையானவையாக இருந்தன.

டென்மார்க்கைச் சேர்ந்த தோமசு குரோன்னமார்க் 2010-இல் இம்முறையில் 51.33 மீட்டர் எறிந்து கின்னசு சாதனை படைத்தார். 2019-இல் அமெரிக்காவின் மைக்கேல் லூயிசு 59.817 மீட்டர் எறிந்து அதனை முறியடித்தார். குரோன்னமார்க் 2018 முதல் 2023 வரை லிவர்பூல் அணிக்கு உள்ளெறிதல் பயிற்சியாளராகப் பணியாற்றினார். சாதனை எறிதலால் அறியப்பட்ட இவர், தொலைவை மட்டுமன்றி விரைவாக எறிதல், தோழர்கள் நகர்ந்து இடம் உண்டாக்குதல், எறிந்த பந்தை இழக்காமல் தக்கவைத்தல் ஆகியவற்றையும் கற்பித்தார்.

எதிரணியினர் மீது எறிதல்

பந்தைப் பெறத் தோழர் எவரும் அருகில் இல்லாதபோது, முதுகைக் காட்டி நிற்கும் எதிரணியினர் மீது மெதுவாக எறிந்து, திரும்பி வரும் பந்தைத் தாமே ஆடுவது ஓர் உத்தியாகும். வேறோர் ஆட்டக்காரர் பந்தைத் தொட்டுவிட்டதால் எறிந்தவர் மீண்டும் தொடுவது குற்றமாகாது. கவனமின்றியோ, பொறுப்பற்ற முறையிலோ, மிகையான வேகத்துடனோ எறியாதவரை நடுவர் ஆட்டத்தைத் தொடரவிடுவார் என விதியே கூறுகிறது. முகத்தைக் குறிபார்த்து வேகமாக எறிந்தால் நேரடித் தனி உதையும், குற்றத்தின் தன்மைக்கேற்ப அட்டையும் வழங்கப்படலாம்.

விரைவு எறிதல்

உள்ளெறிதலுக்கு நடுவரின் ஊதல் தேவையில்லை. எதிரணியினர் ஒழுங்குபடுவதற்கு முன் விரைவாக எறிவது முறையானதே. விரைவாகத் தொடங்கும் உரிமை எவ்வளவு கசப்பை உண்டாக்கக்கூடும் என்பதை 2023 மார்ச் 3 அன்று பெங்களூரில் நடைபெற்ற இந்தியன் சூப்பர் லீக் ஆட்டத்தில் காண முடிந்தது. அங்கு நிகழ்ந்தது தனி உதையே. கேரள பிளாசுடர்சு அணியினர் தடுப்புச் சுவர் அமைக்கும் முன்னரே, கூடுதல் நேரத்தில் சுனில் சேத்ரி பந்தை உதைத்துக் கோலாக்கினார். கோல் செல்லும் என நடுவர் தீர்ப்பளித்ததும் பிளாசுடர்சு அணி களத்தை விட்டு வெளியேறியது. பின்னர் அவ்வணிக்கு 4 கோடி உரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது.

விதியும் மரபும்

ஆட்டக்காரர் ஒருவர் காயமுற்றால் எதிரணியினரோ அவரது தோழரோ பந்தை வேண்டுமென்றே வெளியே உதைப்பதும், ஆட்டம் தொடங்கும்போது பந்தை மீண்டும் அந்த அணிக்கே எறிந்து கொடுப்பதும் காற்பந்தின் மரபாகும். இது விதிநூலில் இல்லை. பந்தை எறியும் அணி அதனைத் தனக்கே வைத்துக்கொண்டாலும் நடுவரால் எதுவும் செய்ய இயலாது.

1999 பெப்ரவரி 13 அன்று இலண்டனில் நடைபெற்ற இங்கிலாந்துக் கோப்பை ஐந்தாம் சுற்று ஆட்டத்தில் இம்மரபு சோதனைக்குள்ளானது. ஆர்சனலும் செஃபீல்டு யுனைடெட்டும் 1-1 எனச் சமநிலையில் இருந்தபோது, காயமுற்ற தோழருக்காகச் செஃபீல்டு கோல் காப்பாளர் ஆலன் கெல்லி பந்தை வெளியே உதைத்தார். ஆர்சனலின் இரே பார்லர் மரபுப்படி பந்தைச் செஃபீல்டு பக்கம் எறிந்தார். அன்றுதான் ஆர்சனலுக்காக முதன்முறையாகக் களமிறங்கியிருந்த நைசீரியாவின் நுவான்குவோ கானு, அதனை இடைமறித்து முன்னேறி மார்க் ஓவர்மார்சுக்கு அனுப்ப, அவர் கோல் அடித்தார். செஃபீல்டு அணியினர் கொதித்தெழுந்தனர். எனினும் எந்த விதியும் மீறப்படாததால் நடுவர் பீட்டர் சோன்சு கோலை வழங்கினார். ஆர்சனல் 2-1 என வென்றது.

ஆட்டம் முடிந்தவுடன் ஆர்சனல் மேலாளர் ஆர்சன் வெங்கர், ஆட்டத்தை மீண்டும் நடத்த முன்வந்தார். காற்பந்துச் சங்கமும் ஒப்புக்கொண்டது. பெப்ரவரி 23 அன்று நடைபெற்ற மறு ஆட்டத்திலும் ஆர்சனல் அதே 2-1 கணக்கில் வென்றது. விதியின்படி செல்லுபடியான வெற்றியை ஓர் அணி தானே விட்டுக்கொடுத்த அரிய நிகழ்வாக இது நினைவுகூரப்படுகிறது.

எறிதலுக்குப் பதில் உதைத்தல்

உள்ளெறிதலுக்குப் பதிலாகப் பந்தைக் கோட்டிலிருந்து உதைக்கச் செய்யலாமா என்பது நெடுநாளைய கேள்வி. 1993-இல் சப்பானில் நடைபெற்ற 17 அகவைக்குட்பட்டோர் உலகப் போட்டியிலும், 1994-95 பருவத்தில் இங்கிலாந்தின் இசுத்மியன் கூட்டிணைவிலும் இது சோதிக்கப்பட்டது. ஆயினும் பொது விதியாக ஏற்கப்படவில்லை. கோட்டிலிருந்து உதைக்கும் பந்து, எறியும் பந்தைவிட எளிதாக நெடுந்தொலைவு செல்லும். அதனால் ஒவ்வொரு முறை பந்து வெளியேறும்போதும் அதனைக் கோலின் முன்னே உயரமாக உதைக்கும் போக்கு வளரக்கூடும் என்பது இதற்கு எதிரான வாதமாகும். பின்னாளில் ஃபிஃபாவின் உலகக் காற்பந்து மேம்பாட்டுத் தலைவரான வெங்கர், 2020-இல் இக்கருத்தை மீண்டும் முன்வைத்தார்.

உள்ளரங்கக் காற்பந்தான ஃபுட்சாலில் உள்ளெறிதல் இல்லை. பந்தைக் கோட்டின் மேல் வைத்து 4 நொடிகளுக்குள் உதைக்க வேண்டும். கடற்கரைக் காற்பந்தில் எறியவோ உதைக்கவோ செய்யலாம்.

சிறிய களங்களில் உள்ளெறிதல்

ஆட்ட விதிகளின்படி களத்தின் அகலம் 45 முதல் 90 மீட்டர் வரை இருக்கலாம். பன்னாட்டு ஆட்டங்களுக்கு இது 64 முதல் 75 மீட்டர் ஆகும். கோலின் அகலமும் (7.32 மீட்டர்) தண்டப் பரப்பின் அகலமும் (40.32 மீட்டர்) மாறுவதில்லை. ஆகவே 68 மீட்டர் அகலமுள்ள களத்தில் பக்கக்கோட்டிலிருந்து அருகிலுள்ள கோல் கம்பம் 30 மீட்டருக்கும் சற்று அதிகமான தொலைவில் இருக்கும். 45 மீட்டர் அகலக் களத்தில் இத்தொலைவு 19 மீட்டருக்கும் குறைவு; தண்டப் பரப்பின் ஓரம் பக்கக்கோட்டிலிருந்து 2.34 மீட்டரிலேயே தொடங்கிவிடும்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி போன்ற நெருக்கமான புறநகர்ப் பகுதிகளில், இடத்துக்கேற்பக் குறுகலாகக் கோடு போடப்படும் களங்களில் ஆடும் மாணவர்களுக்கு இக்கணக்கு பயனுள்ளது. பெரிய அரங்கில் டெலாப் போன்ற ஒருவரால் மட்டுமே இயலும் தாக்குதலை, குறுகிய களத்தில் ஓரளவு பயிற்சி பெற்ற பள்ளி மாணவரும் நிகழ்த்தலாம். தடுக்கும் அணியும் அதற்கேற்ப, தன் கோலுக்கு அருகே பந்தை யோசிக்காமல் பக்கக்கோட்டுக்கு வெளியே உதைப்பதைத் தவிர்க்க வேண்டும்.

இப்பகுதிகளில் பெருகியுள்ள, வலையால் சூழப்பட்ட செயற்கைப் புல்தரைகளில் ஐவர் ஆட்டம் ஆடுவோர் பெரும்பாலும் எறிதலின்றிக் காலாலேயே ஆட்டத்தைத் தொடங்குகின்றனர். அங்கு மட்டும் ஆடிப் பழகியவர்கள் முழு அளவுப் போட்டிக்கு வரும்போது, பின்காலைத் தூக்குதல் போன்ற எளிய தவறுகளால் பந்தை எதிரணிக்கு இழக்க நேரிடும். வழக்கமான எறிதலில் இரு பாதங்களையும் தரையில் வைத்துப் பழகுவதே, வழக்கத்துக்கு மாறான எந்த எறிதலுக்கும் முதற்படியாகும்.

இவற்றையும் பார்க்கவும்

- காற்பந்தாட்ட விதிகள்
- மூலை உதை
- ஆஃப்சைடு
- ஃபுட்சால்